புருவம் நெரியும் இன்பம்

நல்ல கவிதை ஒன்றைக் கேட்டு மேனி சிலிர்க்கும்போது முகம் என்ன செய்யும்? மலரும் என்றுதான் சொல்லத் தோன்றும். ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில், கலை நம்மை எப்படித் தொடுகிறது என்பதை ஆராய்வதற்கென்றே ஒரு மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள வாசிலிவிட்ஸ்கி, மென்னிங்ஹாஸ் முதலியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில் தெரிந்தது வேறு. சிலிர்ப்பு வந்த நேரத்தில் கேட்பவர்களின் புருவங்களை நெரிக்கும் தசை இறுகியிருந்தது. துக்கத்திலும் வேதனையிலும் இறுகுகிற அதே தசை. அவர்களோ இன்பமாக இருந்தது என்கிறார்கள். இரண்டும் உண்மைதான். வருத்தத்தைக் கலக்காமல் கவிதை தருகிற உச்ச இன்பம் அபூர்வம் என்றே நான் நினைக்கிறேன். ஒப்பாரியில் சொக்கிப்போய் நின்றவர்களுக்கு இதைச் சொல்ல ஆய்வுக்கூடம் தேவையில்லை.

அந்த ஆய்வில் கவிதை கேட்டவர்கள் சிலிர்ப்பு வந்ததும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். மயிர்க்கூச்சு உண்மையிலேயே எழுகிறதா என்று தோலைக் கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. ஏறக்குறைய ஒவ்வொரு மயிரின் வேரிலும் ஒரு சின்னஞ்சிறு தசை உண்டு. குளிரிலும் அச்சத்திலும் அதைச் சுருக்குவது, நம் சொல்லைக் கேளாமல் இயங்கும் பரிவு நரம்பு மண்டலம். நினைத்தவுடன் கையைத் தூக்கலாம். நினைத்தவுடன் மயிரைச் சிலிர்க்கவைக்க அநேகமாக யாராலும் முடியாது. அதனால் இந்த விஷயத்தில் மரியாதைக்காகப் பொய் சொல்ல உடம்புக்குத் தெரியாது. கவிதை பிடித்ததாகத் தலையாட்டுகிற எங்கள் இலக்கியக் கூட்டங்களுக்கு அந்தக் கேமராவை ஒருநாள் வரவழைக்கலாம்.

அதைவிடச் சுவையான செய்தி மூளைக்குள் இருக்கிறது. இசையிலும் கவிதையிலும் உச்சத்தைத் தொடும்போது, பசிக்கு உணவு கிடைத்தால் மகிழ்கிற மூளைப் பகுதிகளே விழித்துக்கொள்கின்றன. ஆனால் அவற்றில் முக்கியமான ஒரு பகுதி, நியூக்ளியஸ் அக்கம்பன்ஸ் என்பது, கவிதையில் சிலிர்ப்பு வருவதற்குச் சற்று முன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஏதோ வரப்போகிறது என்று உள்ளே ஒன்று காத்திருக்கிறது. சிலிர்ப்புகள் எங்கே குவிந்தன என்று பார்த்தால், அடிகளின் முடிவிலும் பத்திகளின் முடிவிலும் கவிதையின் முடிவிலும்தான் அதிகம். சொல்லில் பாதி, காத்திருப்பில் பாதி.

நம் வெண்பாக்காரர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். மற்ற அடிகளுக்கெல்லாம் நான்கு சீர். ஈற்றடிக்கு மட்டும் மூன்று. அதிலும் கடைசிச் சீர் ஓரசையில், மிஞ்சினால் குற்றியலுகரம் ஒட்டிய ஓரசையில் நின்றுவிட வேண்டும். நான்கு சீர் பழகிய காது நாலாவது சீருக்கு ஆயத்தமாகும்போது பாட்டு முடிந்துவிடுகிறது. கவியரங்க மேடையில் அடியின் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு, முன்பகுதியை இரண்டாம் முறை சொல்வார்களே, அதுவும் இதே வித்தைதான். கூட்டம் அந்தச் சொல்லைத் தானே ஊகித்து முணுமுணுக்கும். கவிஞர் அதைச் சொல்லும்போது கைதட்டல் கிளம்பும். சில பேர் இந்த உத்தியை அளவுக்கு மீறிப் பயன்படுத்தி அலுக்கவைத்தது தனிக்கதை.

சிலிர்ப்பைப் போல உடம்பில் தெரியும் உணர்ச்சியை மெய்ப்பாடு என்பார்கள். தொல்காப்பியர் அதைச் செய்யுளின் உறுப்புகளில் ஒன்றாகவே எண்ணியிருக்கிறார். ஆராய்ந்து தெளிய வேண்டிய அவசியமின்றி, சொல்லப்பட்ட பொருள் உடம்பிலேயே தோன்றும்படி முடிப்பதுதான் மெய்ப்பாடு என்பது அவர் தரும் விளக்கத்தின் சாரம். நகை, அழுகை முதலிய எட்டு மெய்ப்பாடுகளை வகுத்துச் சொல்லிய பிறகு, மெய்ப்பாட்டியலை முடிக்கும்போது ஒரு நிபந்தனையும் போடுகிறார்: கண்ணாலும் செவியாலும் திண்ணமாக உணரக்கூடியவர்களுக்கு அல்லாமல் இது பிடிபடாது. எழுதுகிறவனுக்கு மட்டுமல்ல, கேட்கிறவனுக்கும் தகுதி வேண்டும் என்கிறார்.

பிராங்க்பர்ட் ஆய்வாளர்கள் கவிதைகளைக் கொடுத்து மௌனமாகப் படிக்கச் சொல்லவில்லை. குரலில் சொல்லிக் கேட்கவைத்தார்கள். கைப்பேசித் திரையில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் கடைசி அடியை முதல் அடியோடு சேர்த்தே பார்த்துவிடுகிறார். அவருக்குக் காத்திருக்க எதுவும் மிச்சமில்லை. இன்றைக்குப் பிடித்த ஒரு கவிதையை எடுத்து, கடைசி இரண்டு அடிகளைக் கையால் மறைத்துக்கொண்டு, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் அவரையே படிக்கச் சொல்லிக் கேட்பது இன்னும் நல்லது.