மறைத்துக் கொடுப்பது தர்மமா?

தர்மத்தை மறைத்துச் செய்வது புண்ணியம். மருந்துக் கம்பெனி கட்சிக்கு மறைத்துக் கொடுப்பதும் அவ்விதந்தானோ?

கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாத தேர்தல் பத்திரங்கள் 2018-ல் வந்தன. வாக்காளரின் அறியும் உரிமைக்கு விரோதமென்று சுப்ரீம் கோர்ட் 2024 பிப்ரவரி 15-ல் அவற்றை ரத்து செய்தது. அடுத்த மாதம் வெளியான பட்டியலில் சிப்ளா, டாக்டர் ரெட்டீஸ் முதலிய மருந்துக் கம்பெனிகளும் இருந்தன. அன்று சட்டம் அனுமதித்ததுதான், அனுமதித்ததெல்லாம் நியாயமாகுமா?

ஏழைக்கு மறைத்துக் கொடுப்பது அவன் மானத்தைக் காக்க. மருந்தின் விலைக்கும் தரத்துக்கும் வரம்பு கட்டும் சர்க்காரை நடத்துகிறவர்களுக்கு மறைத்துக் கொடுப்பது எதைக் காக்க? மாத்திரை வாங்கும் நோயாளியின் காசல்லவா அது?

கணக்குக் காட்டாதவன் சபைக்கு ஆகானென்று, நம் உத்திரமேரூர்க் கல்வெட்டில் சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே வெட்டிவைத்தார்கள். கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் கணக்குக் காட்டட்டும். கேட்பது நம் கடமை.