எடைக்குப் போன பெயர்

எங்கள் வீட்டில் மூன்று ஆட்டுக்கல் இருக்கின்றன. நாங்கள் குடியிருப்பதோ சேலத்தில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாவது மாடி. மாவு அரைப்பது கிரைண்டரில். ஒரு ஆட்டுக்கல்லில் மணிபிளான்ட் வளர்கிறது, இன்னொன்றின் குழியில் குடை நிற்கிறது. மூன்றாவதைப் பால்கனி தாங்குமா என்று கீழ்வீட்டு அக்கா அடிக்கடி அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார். இவை போக இரண்டு பித்தளை அண்டா, மூடி இல்லாத ஒரு தூக்குப்போசி, போசி இல்லாத ஒரு மூடி, காது உடைந்த ஊறுகாய் ஜாடி, ஏழு குழி மட்டும் உருப்படியாக இருக்கும் பணியாரக்கல். “அடுத்த அண்டா உள்ள வரணும்னா நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் வெளிய போகணும்” என்று என் இணையர் சொல்லிவிட்டார். யார் போவது என்று இன்னும் முடிவாகவில்லை.

இந்த வேட்டைக்குச் செலவும் அதிகமில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எனக்கு இலவசம், அண்டாவுக்கு மட்டும் லக்கேஜ் டிக்கெட். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம், பிறகு ராசிபுரம், சங்ககிரி, திருச்செங்கோடு என்று பழைய இரும்புக் கடைகளாகப் பார்த்து ஏறி இறங்குவேன். நாமக்கல் பக்கம் போனால் கொஞ்சம் பொறுமை வேண்டும். லாரிக்கு பாடி கட்டுகிற ஊர். கடை முழுக்க ஆக்சிலும் ஸ்பிரிங் பட்டையும் மலையாகக் கிடக்கும். அதற்கு அடியில் எங்கேயோ ஒரு குத்துவிளக்கின் தலை தெரியும். அதைப் பார்த்ததும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், ஆனால் முகத்தில் காட்டக் கூடாது. காட்டினால் கிலோவுக்கு நூறு ரூபாய் ஏறிவிடும்.

அப்படி ஒரு கடையில்தான் போன வருஷம் ஒரு தவலையைத் திருப்பிப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருந்தது. முன்னால் ஒரு இனிஷியல், அப்பாவுடையதாக இருக்க வேண்டும். பின்னால் ஒரு தேதி, 1974. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ‘அம்மாள்’ என்று முடியும். எங்கள் ஜில்லாவில் அந்த வயதில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர்தான் என்றாலும், அது ஒருத்தியின் பெயர். நான் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கடைக்காரர் வேறு மாதிரி புரிந்துகொண்டார்.

“பேருதானேக்கா? பாலிஷ் போட்டா போயிரும்.”

“இதை யார் கொண்டுவந்து போட்டாங்க?”

“அதைக் கேட்டா யாவாரம் பண்ண முடியுங்களாக்கா? வீடு இடிச்சிருப்பாங்க, இல்லீனா பங்கு பிரிச்சிருப்பாங்க, இல்லீனா கெழவி போய்ச் சேந்திருக்கும். மூணுல ஒண்ணு.”

மூன்றிலும் அந்த அம்மாள் தன் கையால் தவலையைத் தூக்கி வந்து தராசில் வைக்கவில்லை என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. தவலையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கேள்வியும் கூடவே வந்துவிட்டது. இது யாருடையது?

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 14-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. ஒரு பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன்போ, கல்யாணத்திலோ, பிறகோ பரிசாக வந்த சொத்துக்கு அவளே முழு உரிமைக்காரி. நிலமானாலும் தவலையானாலும் ஒன்றுதான். 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் அழுத்திச் சொன்னது: சீதனம் கணவர் வீட்டில் இருந்தாலும் அது மனைவியுடையது, அதைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றம். ஆக, அந்தத் தவலையை மகனோ மருமகனோ அவளைக் கேட்காமல் தூக்கிப் போட்டிருந்தால், அதற்கு என்ன பெயர்? பக்கத்து வீட்டுக்காரன் தூக்கிப் போட்டிருந்தால் திருட்டு என்போம். மகன் போட்டால் வீட்டைச் சுத்தம் செய்தான் என்கிறோம்.

1974 என்ற தேதியும் என்னை விடவில்லை. எங்கள் பக்கத்தில் சொத்தைப் பிரித்த விதம் எல்லோருக்கும் தெரியும். காடும் கிணறும் பையன்களுக்கு, பாத்திரமும் நகையும் பெண்ணுக்கு. ‘சீர் செஞ்சு அனுப்பியாச்சு’ என்றால் கணக்கு முடிந்தது என்று அர்த்தம். 1989-இல் தமிழ்நாடு அரசு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் திருத்தியது. நாட்டிலேயே முந்தி வந்த சட்டங்களில் ஒன்று, பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அது கிடையாது. இந்தத் தவலைக்காரி பதினைந்து வருஷம் முந்திக்கொண்டாள். 2005-இல் மத்திய அரசு திருத்தம் கொண்டுவந்தபோது கல்யாணமான மகள், ஆகாத மகள் என்ற பாகுபாடு போனது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவாகியிருந்த பாகப்பிரிவினையை அந்தத் திருத்தமும் தொடவில்லை. முப்பது வருஷத்தில் எந்த வீட்டில் அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொள்ளாமல் இருந்தார்கள்? கடைசியில் அவள் பெயர் எழுதிய ஆவணம் என்று மிஞ்சியது பித்தளையில்தான். காட்டுக்குப் பட்டா, கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று என்று எத்தனை காகிதம்! அவளுக்குப் பாத்திரக்கடை உளி வெட்டிய பெயர். அதுவும் பாலிஷ் போட்டால் போய்விடும்.

இதைக் கண்ணில் நீர் வைத்துக்கொண்டு என் பெரியம்மாவிடம் சொன்னேன். ராசிபுரம் பக்கம், எழுபத்தாறு வயது. அவர் அசரவில்லை.

“புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சுத் தேச்சு எங் கையில ரேகையே இல்ல, சாமி. வருஷா வருஷம் ஈயம் வேற பூசோணும். இல்லீனா ரசம் களிம்பேறிப் போகும். எவர்சில்வரு வந்தன்னிக்குத்தான் நான் முதுகை நிமித்துனேன். உனக்கு அது அழகாத் தெரியுது. தேய்க்கறவளைக் கேட்டுப் பாரு.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எவர்சில்வர் முன்பே வீடுகளுக்குள் வந்துவிட்டது. 1981-இல் சேலம் உருக்காலை தகடு உருட்ட ஆரம்பித்த பிறகு அது எங்கள் ஊர்ச் சரக்காகவும் ஆனது. தெருவில் ‘பழைய துணிக்குப் பாத்திரம்’ என்று கூவி வந்தவரிடம் ஜரிகைப் புடவையைப் போட்டு டபரா வாங்கிய பெண்கள், ஏமாந்தவர்கள் அல்ல. தங்கள் முதுகெலும்புக்கு விலை தெரிந்தவர்கள். பித்தளையைப் பார்த்து உருகுவது பெரும்பாலும் தேய்க்க வேண்டியிராதவர்களின் வேலை. என் தவலையில் தண்ணீர் ஊற்றுவதில்லை, அதில் காகிதப் பூ நிற்கிறது. அதனால் ‘ஐயோ, விற்றுவிட்டார்களே’ என்பது என் கேள்வியே இல்லை. விற்கட்டும். விற்றது யார், காசு யார் பைக்குப் போனது என்பதுதான் கேள்வி.

பித்தளையாவது எடைக்கு ஒரு விலை பெறுகிறது. கல்சட்டிக்கும் தோசைக்கல்லுக்கும் வந்தால் கணக்கு இன்னும் விசித்திரம். சேலத்து மாக்கல்லில் கடைந்த புதுச் சட்டியை அப்படியே அடுப்பில் வைத்தால் விரிசல் விடும். அரிசி கழுவிய தண்ணீர், சூடான கஞ்சி, எண்ணெய் என்று நாள் கணக்கில் ஊற்றிப் பழக்க வேண்டும். அப்புறமும் முதல் சில மாதம் குழந்தையைப் போல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் புதுசைவிடப் பழைய கல்சட்டிக்கு அதிகம் கொடுக்கிறார்கள். தோசைக்கல்லும் அப்படியே. முப்பது வருஷம் ஒருத்தி சுட்ட கல்லில் தோசை தானாகக் கழன்று வரும். கடைக்காரர் ‘பழக்கின கல்லுங்கக்கா’ என்று ஐம்பது ரூபாய் கூட்டிச் சொல்கிறார். பழக்கியவள் யார்? அந்த ஐம்பது ரூபாய் அவளுடைய விடியற்காலைகளுக்கான விலை, ஆனால் அவளுக்கு வராத விலை.

ஜான் லாக் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1689-இல் வெளியான நூலில் சொத்து எப்படி உருவாகிறது என்று விளக்கினார். யாருக்கும் சொந்தமில்லாத ஒன்றில் ஒருவர் தம் உழைப்பைக் கலந்தால் அது அவருடையதாகிறது என்றார். கல்லூரியில் படித்தபோது நன்றாகத்தான் இருந்தது. தோசைக்கல்லில் இத்தனை வருஷ உழைப்பைக் கலந்தவளைவிட உரிமைக்காரர் யார் என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் அதே அத்தியாயத்தில் லாக், தன் வேலைக்காரன் வெட்டிய புல்கரணையும் தன் சொத்துதான் என்று சர்வசாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். வேலைக்காரன் கலந்த உழைப்பு எஜமானின் கணக்கில் ஏறிவிடுகிறது. எங்கள் சமையல்கட்டுகளின் கணக்கு அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது.

காரைக்குடிக்கு ஒருமுறை போயிருந்தேன். முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். பெரிய வீடுகளிலிருந்து வந்த பீங்கான், எனாமல் அடுக்கு, மரப்பெட்டி, கதவுநிலை எல்லாம் கிடைக்கும். நகரத்தார் வீடுகளில் பெண்ணுக்குக் கொடுத்த சாமான்களைப் பட்டியல் எழுதிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. ஊசி முதல் அண்டா வரை கணக்கு. எழுதி வைத்த கூட்டத்தின் பாத்திரங்களும் தெருவுக்கு வந்துதான் இருக்கின்றன. ஆனால் பட்டியல் இருந்தால் ஒருத்தி ‘அந்த மூன்றாவது அடுக்கு எங்கே?’ என்று கேட்கவாவது முடியும். எங்கள் வீடுகளில் அதுகூடக் கிடையாது.

நான் இப்போது ஒன்று செய்கிறேன். கடையில் பெயர் வெட்டிய பாத்திரம் கண்டால், யார் போட்டது என்று கேட்கிறேன். பதில் அநேகமாக வராது. வாங்குபவர்கள் பத்துப் பேர் கேட்டால், போட வருகிறவரிடம் கடைக்காரரும் ஒரு வார்த்தை கேட்பார் என்று ஒரு நப்பாசை. பெயரை அழிப்பதில்லை. “அடுத்தவங்க பேரை வீட்ல வெச்சா ஆகாது” என்று கீழ்வீட்டு அக்கா சொல்கிறார். என் பெயரில் வீட்டில் கேஸ் இணைப்பு மட்டும்தான் இருக்கிறது, அவள் பெயரும் இருந்துவிட்டுப் போகட்டும்.

பெரியம்மாவுக்கு நான் பேசியதெல்லாம் வேறு எங்கோ போய் வேலை செய்திருக்கிறது. போன தை மாதம் போன் செய்தார். “கண்ணு, எம்பட அண்டா ரெண்டு பரண்ல கெடக்குது. உங்கண்ணன் விக்கறதுக்குள்ள நானே வித்துப் போடலாம்னு இருக்கறேன். எந்தக் கடைன்னு காட்டு.” இரண்டையும் கோணிப்பையில் கட்டி சேலத்துக்குக் கொண்டுவந்தோம். தராசு முள்ளை அவர் பார்த்த பார்வையில் கடைக்காரர் இருமுறை எடை போட்டார். பணத்தை எண்ணி வாங்கிச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். கிலோவுக்கு இன்னும் இருபது ரூபாய் கேட்டிருக்கலாம், நீ ஏன் சும்மா நின்றாய் என்று ராசிபுரம் வந்து சேரும்வரை என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.