பெயரை வாங்கியவரும் பொருளைப் படைத்தவரும்

ஒரு கலைப்படைப்பு யாருக்குச் சொந்தம்? இவ்வினா புதியதன்று. எனினும், இன்று அது நாம் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து, நம் மாணவர் பொழுது கழிக்கும் கணினி விளையாட்டுலகிலிருந்து எழுகின்றது. விளையாட்டுத்தானே என்று ஒதுக்குவோர் உளர். கதையும் ஓவியமும் இசையும் உரையாடலும் ஒருங்கே இணைந்த ஓர் ஆக்கத்தை அவ்வாறு ஒதுக்குதல் நமக்கு அழகன்று. நாவலும் திரைப்படமும் தோன்றிய காலத்திலே அவற்றையும் சான்றோர் பலர் இவ்வாறே ஒதுக்கினர்.

அமெரிக்காவைச் சேர்ந்த போல் ரைஷி, பிரெட் போர்ட் என்னும் இருவர் ஆக்கிய 'ஸ்டார் கொன்ட்ரோல்' என்ற விண்வெளி விளையாட்டு 1990 இல் வெளிவந்தது. அதன் இரண்டாம் பாகம் 1992 இல் வந்தது. இரண்டையும் வெளியிட்டது அக்கொலேட் என்னும் கம்பனி. இரண்டாம் பாகமே பெரும்புகழ் பெற்றது. அதிலே பூமி அடிமைப்பட்டுக் கிடக்கின்றது. விளையாடுபவர் ஒரு விண்கலத்தைச் செலுத்தி, நூற்றுக்கணக்கான விண்மீன்களிடையே அலைந்து, வேற்றுலக இனங்களோடு பேசி நட்புத்தேடி, விடுதலைக்கு அணிதிரட்ட வேண்டும். அடிமைப்படுத்திய ஊர்க்குவான் இனத்தாரோ வெறும் அரக்கர் அல்லர். முன்னொரு காலத்திலே அவர்களின் மனத்தையே ஆட்கொண்ட பிறிதோர் இனத்துக்கு அவர்கள் அடிமைகளாயிருந்தனர். விடுதலை பெற்றபின், இனி எவரும் தம்மை அடக்கலாகாது என்ற அச்சத்தால் ஒரு சாரார் ஏனைய இனங்களை அடிமையாக்கினர். மறுசாரார் அவற்றை அழித்தொழிக்கப் புறப்பட்டனர். அடக்கப்பட்டவன் அடக்குபவனாக மாறும் அவலத்தை இவ்வளவு தெளிவாகக் கூறும் படைப்பை எளிதில் மறக்க இயலாது.

ஆனால், சந்தை அதனை மறந்தது. 1996 இல் வெளிவந்த மூன்றாம் பாகத்தை வேறொரு நிறுவனம் ஆக்கியது. மூலகர்த்தாக்களுக்கு அதிலே பங்கில்லை. அத்துடன் தொடர் நின்றது. கம்பனிகள் ஒன்றையொன்று விழுங்கியபோது 'ஸ்டார் கொன்ட்ரோல்' என்ற பெயரும் கைமாறி அற்றாரி நிறுவனத்தைச் சேர்ந்தது. பெயரை உடையவர் அதனைப் பெட்டியிலே பூட்டி வைத்திருந்தனர்.

2002 இல் மூலகர்த்தாக்கள் இரண்டாம் பாகத்தின் நிரல்களைப் பொதுமக்களுக்கென வெளியிட்டனர். அவற்றைத் தொண்டர்கள் எடுத்துச் செப்பனிட்டு, புதிய கணினிகளில் இயங்கச் செய்து, எவரும் விலையின்றிப் பெறுமாறு வழங்கினர். பெயர் பிறருடையது ஆகையால் அவர்கள் அதற்கு இட்ட பெயர் 'ஊர்க்குவான் மாஸ்டர்ஸ்' என்பதாகும். பெயர் ஓரிடத்திலும் உயிர் வேறிடத்திலுமாக அப்படைப்பு ஆண்டுகள் பல வாழ்ந்தது.

2013 இல் அற்றாரியின் அமெரிக்க நிறுவனங்கள் முறிவடைந்தபோது அப்பெயர் விற்பனைக்கு வந்தது. ஸ்டார்டொக் என்னும் நிறுவனம் அதனை வாங்கியது. 2017 ஒக்டோபரில் மூலகர்த்தாக்கள் தமது கதையைத் தாமே தொடரப்போவதாக அறிவித்தனர். அவ்வாண்டு டிசம்பரில் ஸ்டார்டொக் வழக்குத் தொடுத்தது, மறுதரப்பும் எதிர்வழக்கிட்டது. 2018 இல் அப்பெயரோடு ஸ்டார்டொக்கின் புதிய விளையாட்டும் வெளிவந்தது. 2019 ஜூனில் இணக்கம் ஏற்பட்டது. பெயர் வாங்கியவரிடமே நின்றது. பழைய கதையும் அதன் மாந்தரும் படைத்தவரிடம் நின்றனர்.

இங்கே நாம் சிந்திக்கவேண்டியது யாது? புத்துயிரூட்டுதல் என்னும் சொல்லை வணிகர் எளிதாகக் கையாளுகின்றனர். பெயரை வாங்கினால் உயிரும் உடன்வரும் என்பது அவர் கணக்கு. பெயர்ப்பலகையை வாங்கியவனுக்கு அதன்மேல் மக்கள் வைத்த அன்பு சொந்தமாகி விடுவதில்லை. அந்த அன்பு, படைத்தவரின் உழைப்பினாலும் காத்தவரின் உழைப்பினாலும் விளைந்தது. ஸ்டார்டொக்கின் புதிய விளையாட்டிலும் தொழிலாளர் பலரின் உழைப்பு உண்டு. அதை நாம் இழித்துரைக்கவில்லை. அது ஒரு புதிய படைப்பு. பழையதன் மறுபிறவி என்று அதனைக் கூறுவதைத்தான் நாம் ஏற்பதற்கில்லை.

அப்படியாயின் கலை எல்லார்க்கும் பொது என்று கூறிவிட்டு அமையலாமா? தனியுடைமையை வெறுக்கும் நம்மவரிற் பலர் உடனே அவ்வாறுதான் கூறுவர். ஆயின் இவ்வரலாறு நம்மைச் சற்று நிறுத்துகின்றது. மூலகர்த்தாக்களுக்கு இவ்வழக்கிலே அரணாக நின்றது ஆக்கவுரிமை என்ற சட்டமே. அதுவும் ஒருவகை உடைமைதான். பொருள்வலிமை மிக்க நிறுவனத்தின் முன்னே எழுத்தாளனுக்கும் கலைஞனுக்கும் வேறு கருவி இல்லாத சமுதாயத்திலே, அவ்வுரிமையைக் கைவிடுமாறு அவனிடம் கேட்பது அவனை நிராயுதபாணியாக்குவதாகும். உழைத்தவனின் உரிமையையும் உழைக்காது வாங்கியவனின் உரிமையையும் ஒரே தட்டில் வைத்து, இரண்டும் உடைமையே எனத் தள்ளுதல் நீதியாகாது.

எனினும் உரிமை வென்றவனை நோக்கி நாம் ஒரு வினாவைத் தொடுத்தல் வேண்டும்: வென்றதைக்கொண்டு நீ என்ன செய்தாய்? இழந்த அச்சத்தால் எல்லாவற்றையும் பூட்டி வைப்பவன் ஊர்க்குவான் சென்ற வழியிலேயே செல்பவன். 2024 இல் மூலகர்த்தாக்கள் பழைய விளையாட்டை மீண்டும் விலையின்றி வழங்கினர். புதிய தொடர்ச்சியை ஆக்குவதற்கு எந்தப் பெருங்கம்பனியின் வாயிலிலும் நில்லாது மக்களிடமே நிதி திரட்டினர். இத்தனை ஆண்டுகளாக அதனைக் காத்த கூட்டத்தாரை வெறும் வாங்குவோராக அன்றி, பங்காளராகக் கொள்ளும் வழி இது.

படைப்பாளிக்கு உரிமை வேண்டும். அவ்வுரிமை மக்களை வெளியே நிறுத்தும் வேலியாகிவிடலாகாது. காத்தவர்க்கு நன்றி வேண்டும். அந்நன்றி வெறுஞ்சொல்லாய் முடியலாகாது. இவ்விரண்டும் ஒருங்கே நிலவும் இடத்தில்தான் பழைய கலை புத்துயிர் பெறும். ஏனையவெல்லாம் பெயர் மாற்றமும் கைமாற்றமுமேயாம்.