சுவையும் விலையும் மதிப்பும்

ஒரு பொருளைச் சுவைத்து அதன் தரத்தை உரைக்க வல்லவன், அப்பொருளின் மதிப்பையும் உரைக்க வல்லவன் ஆவானா? ஓய்வுடையோர் பொழுது போக்குவதற்கு எடுத்துக்கொள்ளும் வினாவென்றே முதற் பார்வையில் இது தோன்றும். ஆயின் பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் பசறையிலும் மலைச்சரிவுகளையே வாழ்விடமாகக் கொண்ட மக்களுக்கு இது வயிற்றைத் தொடும் வினாவாகும். அவர்கள் பறித்த கொழுந்து தேயிலையாகிக் கொழும்புக்குச் செல்கிறது. அங்கே ஒருவர் அதனை ஒரு கரண்டி அள்ளி உறிஞ்சி உமிழ்கிறார். அவ்வொரு கணத்தில் அவர் நா அளிக்கும் தீர்ப்பே அத்தேயிலையின் விலைக்கு அடிப்படையாகின்றது. எனவே நாவின் தீர்ப்பு எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை ஆராய்வது நமது கடனாகின்றது.

முதலில் ஒரு தவறான கருத்தை விலக்குவோம். சுவை என்பது அவரவர் மனம் போன போக்கு, அதைப் பற்றிப் பேசுவதெல்லாம் செல்வர்களின் பாசாங்கு என்று நம் அணியில் உள்ளோர் சிலர் கூறுவதுண்டு. இக்கருத்து முற்போக்கானதுபோல் தோன்றினும் உண்மைக்கு மாறானது. தேநீரைச் சுவைத்து மதிப்பிடுதல் ஒழுங்கும் கட்டுப்பாடும் உடைய ஒரு தொழில். நூறு மில்லிலீற்றர் நீருக்கு இரண்டு கிராம் தேயிலை. நீர் அப்போதே கொதித்ததாயிருத்தல் வேண்டும். ஆறு நிமிடம் ஊறவேண்டும். வெண்பீங்கான் பாத்திரத்தில் வடிக்கவேண்டும். ஐ.எஸ்.ஓ. 3103 என்னும் சர்வதேச நியமம் இவ்வாறு விதிக்கின்றது. உலர்ந்த தேயிலையின் தோற்றம், ஊறிய சக்கையின் நிறமும் மணமும், வடிநீரின் ஒளி, நாவிற் படும் துவர்ப்பு, தொண்டையில் நிற்கும் கனம் என ஒவ்வொன்றும் தனித்தனியே நோக்கப்படுகின்றது. மிகுதியாகப் புளிக்கவைத்த தேயிலையையும், சூட்டில் தீய்ந்த தேயிலையையும், புகை பிடித்த தேயிலையையும் தேர்ந்த சுவைஞர் பிரித்தறிவர். இவை கற்பனையல்ல. தொழிற்சாலையில் நிகழ்ந்த குறையைச் சுவைஞரின் நா கண்டுபிடித்துவிடுகின்றது.

நம் முன்னோரும் இதனை ஆராயாமல் விடவில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்டோர் சுவைக்கப்படும் பொருளையும், அதனை உணரும் பொறியையும், மனத்தில் எழும் குறிப்பையும் வேறு வேறாகப் பகுத்துப் பேசினர். சுவை பொருளில் மாத்திரம் இருப்பதன்று. நாவில் மாத்திரம் இருப்பதுமன்று. இரண்டும் கூடுமிடத்துப் பிறப்பது. ஆதலால் பொருளின்பால் ஏதுமில்லை, எல்லாம் நாவின் மயக்கமே என்பார் கூற்று நம் மரபுக்கும் ஒவ்வாது.

ஊவாத் தேயிலையை எடுத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, மலைமுடி கடந்து இப்பால் வரும்போது ஈரமிழந்த வறண்ட காற்றாக வீசுகின்றது. ஜூலை முதல் செப்ரெம்பர் வரையுள்ள அக்காலத்தில் பகல் வெயிலும் இராக் குளிரும் வறள்காற்றும் செடியை வாட்டுகின்றன. வாடும் செடி தன் உயிர்க்கூறுகளை மாற்றிக்கொள்கின்றது. மெதயில் சலிசிலேற்று, லினலூல் முதலிய மணப்பொருள்கள் இலையில் மிகுகின்றன. ஊவாத் தேநீரில் உலகு போற்றும் அந்தக் குளிர்ந்த, ஊடுருவும் மணம் இவ்வாறே தோன்றுகிறது. அப்பருவத்துத் தேயிலை ஏலத்தில் உயர்ந்த விலை பெறுவதற்கும் இதுவே காரணம். சுவைஞர் இல்லாததைச் சொல்லவில்லை. இருப்பதையே கண்டு சொல்கின்றார்.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பின்னரே நமது வினா கூர்மையடைகின்றது. சுவைஞர் கண்டது தரம். அதிலிருந்து விலை பிறக்கின்றது. ஆயின் விலைதான் மதிப்பா?

வேறொரு நாட்டை நோக்குவோம். அமெரிக்காவில் பேர்பன் என்றும் ரை என்றும் வழங்கும் இருவகை விஸ்கிகள் உண்டு. முன்னதில் நூற்றுக்கு ஐம்பத்தொரு பங்கேனும் சோளமும், பின்னதில் அதே அளவு ரை என்னும் தானியமும் இருத்தல் வேண்டுமென்பதும், உட்புறம் கரிக்கப்பட்ட புதிய ஓக் மரக்கலனில் இட்டு வைத்தல் வேண்டுமென்பதும் அந்நாட்டு விதி. தானியத்தின் தன்மையையும் மரத்தின் சாயலையும் கலனிற் கழிந்த ஆண்டுகளின் விளைவையும் தேர்ந்தவர் நா அறியும். ஆயின் சந்தையிலே அரிதாகக் கிடைக்கும் ஒரு குப்பி, அதனோடொத்த வேறொரு குப்பியினும் பன்மடங்கு விலைக்குப் போகின்றது. அம்மிகை விலைக்கு ஏது சுவையன்று. கிடைத்தற்கருமையும் பெயரும் அதனை வைத்திருப்பதால் வரும் பெருமையுமே. விலையில் தரமும் ஒரு கூறாக இருக்கலாம். விலை முழுவதும் தரமன்று என்பதற்கு இஃது எளிய சான்று. விலைக்குள் புகாது வெளியே நின்றுவிட்டவை எவை என்று கேட்கும்போதுதான் நாம் நமது மலைக்கு மீள்கின்றோம்.

1867ஆம் ஆண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்வாண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதே ஆண்டில் கார்ல் மார்க்சின் மூலதனம் முதற்பாகம் வெளிவந்தது. கோதுமையைச் சுவைத்துப் பார்ப்பதால் அதனை விளைவித்தவன் அடிமையா, குடியானவனா என்பது தெரியவராது என்னும் கருத்தை மார்க்ஸ் அந்நூலில் உரைத்தார். அந்நூலும் இத்தோட்டமும் ஒன்றையொன்று அறியா. எனினும் அக்கருத்துக்கு நம் தேயிலையைப் போன்றதொரு உதாரணம் கிடைத்தற்கரிது.

ஸ்கொத்லாந்து மெய்யியலறிஞர் டேவிட் ஹியூம் 1757இல் சுவையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையிலே, டொன் குயிக்சோட் கதையிலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்தாள்கின்றார். இருவர் ஒரு மிடாவிலிருந்த திராட்சை மதுவைச் சுவைக்கின்றனர். நல்ல மதுதான், ஆனால் சிறிது தோல் வாசனை உண்டு என்கிறார் ஒருவர். சிறிது இரும்புச் சுவை உண்டு என்கிறார் மற்றவர். சுற்றியிருந்தோர் இருவரையும் எள்ளி நகைத்தனர். மிடா வெறுமையானபோது அடியிலே தோல்வாரிற் கட்டிய இரும்புச் சாவியொன்று கிடந்தது! நுண்ணிய சுவை மெய்யைக் காணும் என்பதற்கு ஹியூம் இதனைச் சான்றாக்கினார். நாம் கேட்பது வேறு. ஊவாத் தேநீர்க் கிண்ணத்தின் அடியிலும் ஒரு சாவி கிடக்கின்றது. எத்துணை நுண்ணிய நாவாயினும் அதனைக் காண்பதில்லையே, ஏன்?

அச்சாவி யாது? கொழுந்து பறிக்கும் பெண்ணின் கை. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நான்கரைக் கிலோ பசுங்கொழுந்து வேண்டும். இரண்டிலையும் ஒரு மொட்டுமாகத் தளிரை நுள்ளி, முற்றலை விலக்கி, நசுங்காமல் கூடையிற் சேர்ப்பதே நல்ல தேயிலையின் முதற்படி. எந்த இயந்திரமும் முற்றல் இலையை நற்றேயிலையாக்காது. அவ்வகையில் தரத்தை முதன்முதலில் மதிப்பிடுபவர் கொழும்பிலுள்ள சுவைஞரல்லர். மலையில் நிற்கும் அப்பெண்ணே. கண்ணும் விரலும் ஒருங்கே இயங்க, ஒரு நாளில் பல்லாயிரம் முறை இதைக் கொள், இதை விடு என்று அவர் தீர்ப்பளிக்கின்றார். சுவையெல்லாம் பாசாங்கு என்று சொல்வோர், தம்மை அறியாமலே இக்கையின் திறனையும் பொய்யாக்குகின்றனர்.

இனி இத்தீர்ப்புகளுக்குக் கிடைக்கும் கைம்மாறுகளை ஒப்பிடுக. சுவைஞரின் தீர்ப்பு தரத்துக்கு, அது விலையாகின்றது. கொழுந்தெடுப்பவரின் தீர்ப்போ தராசுக்கு, அது நிறையாகின்றது. நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று நிருவாகம் விதித்த அளவு எட்டப்பட்டால் முழுப்பேர். எட்டாவிடின் அரைப்பேர் என்பது தோட்டங்களில் நெடுங்காலமாகக் காணும் வழக்கம். தரம் வேண்டும் என்று கூறும் அதே வாய் நிறையையும் கேட்கின்றது.

இங்கேதான் ஊவாவுக்கேயுரிய முரண்பாடு வெளிப்படுகின்றது. மணம் மிகும் பருவமே கொழுந்து குறையும் பருவம். வறள்காற்றில் செடி மெதுவாகவே துளிர்க்கின்றது. தேயிலைக்கு உயர்ந்த விலை கிடைக்கும் கிழமைகளில்தான் கூடை நிறைய மறுக்கின்றது. உச்ச விலை ஏலத்தில் முழங்கும் அதே நாளில், அத்தேயிலையின் கொழுந்தைப் பறித்த பெண் அளவு குறைந்ததென்று அரைப்பேருடன் லயத்துக்குத் திரும்பவும் கூடும். தரம் உயர்ந்தது, விலை உயர்ந்தது. அவருடைய கூலி மாத்திரம் குறைந்தது. இதனை விதியென்பதா, இயற்கையென்பதா? செடி வாடுவது இயற்கை. வாட்டத்தின் பயனை ஒருவரும் பாரத்தை மற்றொருவரும் பெறுவது மனிதர் செய்த ஏற்பாடு.

சிலர் இவ்விடத்தில் ஓர் உவமை கூறுவர். வாடிய செடி மணம் தருவதுபோல வாடிய மனிதரிடமிருந்தே உயர்வு பிறக்கும் என்பர். அழகிய உவமை, ஆயின் நச்சு உவமை. செடிக்குப் பசித்த குழந்தை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, வாக்குரிமையும் இல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கியது. 1964இல் இரு நாட்டுத் தலைவர்கள் ஒப்பந்தம் செய்து அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டனர். எஞ்சியோர் சிக்கலைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. இவற்றுள் எதனிடத்திலிருந்தும் எந்த மணமும் பிறக்கவில்லை. துன்பத்தைச் சுவையின் தாயாகப் போற்றுபவர், அத்துன்பத்தைத் தாம் நுகராதவர்.

அப்படியாயின் சுவைஞர் குற்றவாளியா? அன்று. அவர் தம் தொழிலை நேர்மையாகவே செய்கின்றார். 1883 ஜூலை 30ஆம் திகதி கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடந்தது முதல், குரலெழுப்பி விலை கூறிய காலம் கடந்து, 2020இல் ஏலம் மின்வழிக்கு மாறிய பின்னரும், அவரிடம் கேட்கப்படும் வினா ஒன்றே: இத்தேயிலை எத்தகையது? இத்தேயிலைக்காக யார் என்ன கொடுத்தார் என்று அவரை எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் நாவால் விடை கூறவியலாது. குறை நாவில் இல்லை. நாவின் விடையை எல்லா வினாக்களுக்கும் விடையாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டிலேயே இருக்கின்றது.

ஆசிரியர்களாகிய நாம் இதனை எளிதில் உணரலாம். விடைத்தாளைத் திருத்தி மதிப்பெண் இடுகின்றோம். அம்மதிப்பெண் பொய்யன்று, விடை சரியா பிழையா என்பதை அது காட்டுகின்றது. ஆனால் எட்டுப்பேர் ஒடுங்கும் லயத்து அறையில், மங்கிய விளக்கொளியில் படித்து எழுதிய நாற்பதும், தனியறையும் துணையாசிரியரும் உடைய பிள்ளை எழுதிய நாற்பதும் தாளில் ஒன்றே. தாளின் தரத்தை மாணவனின் மதிப்பாக எண்ணும் ஆசிரியன், விலையை மதிப்பாக எண்ணும் வணிகனுக்கு எவ்வகையில் வேறானவன்?

ஆதலின் மூன்றையும் பிரித்தறிதல் வேண்டும். தரம் பொருளிலும் நாவிலும் உள்ளது. அதனைத் தேர்ந்தோர் உரைக்கலாம். விலை சந்தையில் உள்ளது; அதனை வாங்குவோரும் விற்போரும் ஆக்குகின்றனர். மதிப்போ மனித உறவிலே உள்ளது. பொருளை ஆக்கியவரும் நுகர்ந்தவரும் ஒருவருக்கொருவர் என்ன கடன்பட்டுள்ளனர் என்பதே அது. முதலிரண்டையும் கூறிவிட்டு மூன்றாவதையும் கூறிவிட்டதாக நினைப்பதே நம் காலத்தின் பெரும் பிழை.

இப்பிழையைத் திருத்த வழியில்லையென்று கூறவேண்டா. சிற்றுடைமையாளர் தரும் பசுங்கொழுந்தின் விலை, தேயிலை விற்ற விலையின் சராசரியோடு இந்நாட்டிலேயே இணைக்கப்பட்டுள்ளது. ஏலத்தின் உயர்வில் அவருக்கு ஒரு பங்குண்டு. தோட்டத் தொழிலாளிக்கு மாத்திரம் அவ்விணைப்பு ஏன் இயலாததாகின்றது? நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா கேட்டு 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர் கறுப்புடை தரித்துக் காலிமுகத்திடலில் திரண்டனர். அத்தொகை சட்டமானது 2021இல். 2024 செப்ரெம்பரில் அது 1,350 ரூபாவாயிற்று. ஒவ்வொரு படியும் போராட்டத்தாலும் பேரம் பேசலாலும் கிடைத்ததேயன்றி, தேநீரின் மணத்தால் கிடைத்ததன்று. வறட்சிப் பருவத்தில் நிறையின் அளவைக் குறைத்து, தரத்துக்குத் தனிக்கொடை வழங்குவது எந்தக் கணக்கிலும் அடங்காத காரியமன்று. சுவையால் வந்த விலையில் ஒரு பங்கு, சுவையைப் பறித்தெடுத்த கைக்குச் சேரவேண்டும் என்பதே அதன் பொருள்.

இன்னுமொன்று. தோட்டத்து இல்லங்களில் காலையிற் காய்ச்சும் சாயத்தண்ணீர், பெரும்பாலும் மலிந்த தூள் தேயிலையில் ஆனது. தாம் பறித்த பருவத்தேயிலையின் மணம் என்னவென்று அறியாமலே தலைமுறைகள் கழிந்துள்ளன. தொழிற்சாலையின் வெண்பீங்கான் கிண்ணங்களை வரிசையாக வைத்து, கொழுந்தெடுப்போரை அழைத்து, இது உங்கள் மலையின் தேநீர், சுவைத்துச் சொல்லுங்கள் என்று கேட்கும் நாள் வரவேண்டும். பல்லாண்டு இலையோடு பழகிய கண்ணும் விரலும் உடையோருக்கு நாவும் விரைவில் தேறும். சுவைத்து மதிப்பிடும் உரிமையைச் சிலரிடம் மட்டும் விட்டுவைத்திருப்பதும் ஒரு சுரண்டலே.

நல்ல தேநீரை நல்லதென்று கூறுவோம். அதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. ஆயின் நல்லதென்று கூறிய வாய் அத்துடன் மூடிக்கொள்ளலாகாது. யாரால் நல்லதாயிற்று, அவருக்கு என்ன சேர்ந்தது என்ற இரு வினாக்களையும் அது கேட்டாகவேண்டும். அவற்றைக் கேட்கும்வரை, சுவையறிந்தோம் என்று சொல்லும் தகுதி நமக்குப் பாதியளவே உண்டு.