நாள் குறித்தல்

எந்தக் கம்பெனியையும் சாராமல் தானே பாடித் தானே வெளியிடுகிற பாடகன் இன்று பாட்டு முடிந்ததும் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியிருக்கிறது. 2015 ஜூலையிலிருந்து உலகின் பல நாடுகளிலும் புதிய இசை வெளியாகும் நாள் வெள்ளிக்கிழமை. ஸ்பாட்டிஃபையின் தொகுப்பாளர்கள் பார்வைக்குப் பாட்டை வைக்க 7 நாளாவது முன்னதாகக் கொடுத்துவிட வேண்டும். அதுவும் ஒரு சமயத்தில் ஒரு பாட்டுத்தான். எனவே பத்துப் பாட்டை ஒருசேரத் தராதே, சில வாரத்துக்கு ஒன்றாக விட்டுக் கடைசியில் ஆல்பமாக்கு என்று அவனுக்குச் சொல்லித்தருகிறார்கள்.

இப்படித் திட்டமிடுவதே சோரம் போவது என்று நம்மில் சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்க ஆள் வேண்டும் என்ற ஆசை கலைக்குப் புறம்பானதல்ல. சாதனம் உருவத்தை நெருக்குவதும் புதிதல்ல. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷம்; நம் வித்வான்களும் அதற்குள் ராகத்தைச் சுருக்கிப் பாடியவர்கள்தான். 30 வினாடி ஓடினால்தான் கேட்டதாகக் கணக்கு என்ற இன்றைய விதியும் அந்த ஜாதி நெருக்கடியே. நல்ல கலைஞன் அதற்குள்ளும் தன் காரியத்தைச் செய்துகொள்வான்.

ஆனால் இசைத்தட்டு ‘எவ்வளவு நேரம்’ என்று மட்டுமே கேட்டது. ‘அடுத்தது எப்போது’ என்று கேட்டிருந்தால் கம்பெனிக்காரர் கேட்டிருப்பார். அவரிடம் இல்லை என்று சொல்லலாம். 2020 ஜூலையில், அப்போது ஸ்பாட்டிஃபையின் தலைமை நிர்வாகியாக இருந்த டேனியல் எக், மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை பதிவு செய்தால் போதும் என்று கலைஞர்கள் இருக்க முடியாது என்ற பொருளில் பேட்டியளித்தார். நிலவரத்தைச் சொன்னதாகவே வைத்துக்கொள்வோம். நிலவரம் நியதியாகும் இடம்தான் என் பிரச்னை.

வஷ்டி பன்யன் என்ற ஆங்கிலப் பாடகியின் முதல் ஆல்பம் 1970-ல் வந்தது. கவனிப்பாரில்லை. பாட்டை விட்டுவிட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். 2000-ல் அது மறுபடி வெளியாகி, இரண்டாவது ஆல்பம் 2005-ல் வந்தது. இடையில் 35 வருஷம். அந்த மௌனத்தைத் தவம் என்று புகழ நான் தயாரில்லை. அதில் மனமுறிவும் இருந்தது. இன்றாக இருந்தால் அந்த முதல் பாட்டுகள் அத்தனை காலம் கைக்கெட்டாமல் போயிருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் இரண்டாவது ஆல்பம் அந்த இடைவெளியில் வாழ்ந்த வாழ்க்கையிலிருந்துதான் வந்தது. அட்டவணையில் அதற்குக் கட்டம் கிடையாது.

2024 முதல் ஸ்பாட்டிஃபையில், முந்தைய 12 மாதத்தில் 1000 தடவையாவது கேட்கப்படாத பாட்டின் பதிவுக்கு உரிமத்தொகை இல்லை. அந்தக் காசு தகுதிபெற்ற பாட்டுகளின் பங்கில் சேர்ந்துவிடும். நான் வங்கிக் குமாஸ்தா. 10 வருஷம் யாரும் தொடாத கணக்கின் பணத்தை நாங்களும் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு அனுப்பத்தான் செய்கிறோம். ஆனால் உரியவர் என்றைக்கு வந்து கேட்டாலும் அது அவருடையது. பாட்டின் காசு அற்பம். தொள்ளாயிரம் தடவை கேட்கப்பட்டதும் கேட்கப்படாததும் ஒன்றே என்ற தீர்ப்பு அற்பமல்ல. சில நூறு பேர் படிக்கும் பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு அது உறைக்கிறது.

பாடகன் நாள் குறிக்கட்டும். பாட்டு முடிந்த பிறகு குறிக்கட்டும். முடியாத பாட்டுக்கு நாள் குறித்தவன் அந்த வெள்ளிக்கிழமை எதையாவது கொடுத்தாக வேண்டும். கொடுத்துப் பழகிய பின், கொடுக்க ஒன்றுமில்லை என்பது அவனுக்கே தெரியாமல் போய்விடும்.