யாழுக்குப் பலகை

மகள் எலெக்ட்ரிக் கிட்டார் கேட்டால் பெற்றவர் மனத்தில் முதலில் எழுவது விலை பற்றிய கேள்வி. அடுத்தது படிப்பு. அதற்கடுத்தது பக்கத்து வீட்டார். மூன்றும் நியாயமான கேள்விகளே. ஆனால் அவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. குழந்தையின் கையில் ஒரு வாத்தியத்தைக் கொடுக்கும்போது உண்மையில் எதைக் கொடுக்கிறோம்? கொடுத்த பிறகு நமக்கு அதில் என்ன வேலை மிச்சமிருக்கிறது? பன்னிரண்டு வயது மகளுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கிய நாட்களில் என் மனம் இந்தக் கேள்வியிலேயே நின்றது.

நாங்கள் குடியிருப்பது புனேயின் வடக்கே, விஷ்ராந்த்வாடியில். ஓசைக்குக் குறைவில்லாத இடம். ஆளந்தி சாலையில் நாள் முழுதும் வண்டிகள் ஓடும். லோஹேகாவ் விமானதளத்தில் கிளம்பும் போர் விமானங்கள் வானமே அதிரக் கடந்து போகும். அதே சாலையில் வருஷத்துக்கு ஒருமுறை, ஆனி மாத வாக்கில், ஞானேசுவரரின் பாதுகையைத் தாங்கிய பல்லக்கு ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் நோக்கிப் போகிறது. 1296-இல் இளம் வயதிலேயே சமாதியில் அமர்ந்த அந்த மகானின் பெயரைச் சொல்லிக்கொண்டு லட்சக்கணக்கானோர் நடந்து வருவார்கள். திண்டி என்று சொல்லப்படும் ஒவ்வொரு பஜனைக் குழுவிலும் தாளக்காரர்கள் வரிசையாக வர, நடுவில் ஒருவர் மிருதங்கத்தோடும் ஒருவர் வீணையோடும் நடப்பார்கள்.

அந்த வீணை நாம் மடியில் வைத்து வாசிக்கும் வீணை இல்லை. தோளில் மாட்டி நிமிர்த்திப் பிடித்து, சுருதிக்காக மீட்டிக்கொண்டே போகும் எளிய தந்தி வாத்தியம். இந்த மண்ணில் ஹரிநாம சப்தாகம் நடக்கும் ஏழு நாளும் அதைத் தரையில் இறக்க மாட்டார்கள். ஒருவர் களைத்தால் அடுத்தவர் தோளுக்கு மாறும். ஏந்தி நிற்பவர் பெரிய வித்வானாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வீணை தரையைத் தொடாமல், சுருதி அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே அவர் செய்யும் தொண்டு. பாட்டு மற்றவர்களுடையது. வாத்தியம் வாங்கித் தரும் பெற்றோரின் இடமும் ஏறக்குறைய அதுதான் என்று எனக்குப் படுகிறது.

எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஒரு விசித்திரமான அடக்கம் உண்டு. சாதாரண கிட்டாரின் உடல் உள்ளே குடைந்த பெட்டி. கம்பியின் அசைவை அந்தக் காற்றறையே பெரிதாக்கித் தருகிறது. இதற்கோ உடல் கெட்டியான மரம். ஆம்ப்ளிஃபயரோடு சேர்க்காமல் மீட்டினால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. கம்பிகளுக்குக் கீழே காந்தங்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றித் தலைமுடி போன்ற செப்புக் கம்பியை ஏறக்குறைய 8000 சுற்று சுற்றியிருப்பார்கள். இதற்குப் பெயர் பிக்கப். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அந்த அசைவு செப்புச் சுருளில் மிக மெல்லிய மின்னோட்டமாகப் பிறக்கிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த அதே தத்துவம். காந்தம் கம்பியைத் தொடுவதே இல்லை. தொடாமலே அதன் ஒவ்வொரு நடுக்கத்தையும் அறிந்துகொள்கிறது. பிள்ளைகளின் அருகில் இருப்பதற்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? கையை வைத்தால் கம்பி அடங்கிவிடும். விலகிப் போனால் எதுவும் கேட்காது.

மின்சாரம் ஏறிய வாத்தியத்தில் பக்தி தங்குமா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. அதற்கு மாண்டலின் ஸ்ரீநிவாஸ் என்ற ஒரு பெயர் போதும். 1969-இல் ஆந்திராவின் பாலகொல்லில் பிறந்தவர். ஆறு வயதில் அப்பாவின் மாண்டலினைக் கையில் எடுத்தார். இரட்டை இரட்டையாக இருந்த தந்திகளை விட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகளோடு எலெக்ட்ரிக் மாண்டலினை அமைத்துக்கொண்டு, அதில் கர்நாடக இசையின் கமகங்களைப் பேசவைத்தார். கண்ணை மூடிக்கொண்டு மெல்லிய புன்னகையோடு அவர் வாசித்த கீர்த்தனைகளைக் கேட்டவர் யாரும் ஒலிபெருக்கியைப் பற்றி நினைத்திருக்க மாட்டார்கள். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. குரு பாடுவார், பையன் அதைத் தந்தியில் தேடி எடுப்பான். வாசிக்கத் தெரியாத ஒருவரின் நிழலில்தான் அந்த மேதை வளர்ந்தார்.

இதற்கு இணையாக அமெரிக்காவிலும் ஒருவர் உண்டு. லியோ ஃபெண்டர். ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த அவருக்கும் கிட்டார் வாசிக்கத் தெரியாது. தான் செய்ததை வாசிப்பவர்களிடம் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்திக்கொண்டே இருந்தார். அப்படி உருவாகி 1954-இல் வெளிவந்ததுதான் ஸ்ட்ராட்டோகாஸ்டர். இன்றும் தொடக்கக்காரர்களுக்காகக் கடையில் மாட்டியிருக்கும் கிட்டார்களில் பலவற்றுக்கு அதன் சாயல் இருக்கிறது. சங்கீதம் தெரியாத பெற்றோருக்கு இந்த இரண்டு பேரின் வாழ்க்கையும் பெரிய ஆறுதல். நமக்கு ஸ்வரம் தெரியாமல் இருக்கலாம். காது கொடுக்கத் தெரிந்தால் போதும்.

காது கொடுக்கும் வேலை கடையிலேயே ஆரம்பமாகிறது. என் தலைமுறை இளையராஜாவின் பாடல்களில் வரும் கிட்டாரைக் கேட்டு வளர்ந்தது. அந்த நாதம் எனக்குள் எங்கோ கிடக்கிறது. சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் கிட்டார்களைப் பார்த்ததும் நாம் கற்றுக்கொள்ளாமல் விட்டதெல்லாம் எழுந்து வந்து நம் சார்பில் தேர்ந்தெடுக்கப் பார்க்கும். அந்த ஆசையைச் சற்றுத் தள்ளி உட்காரவைப்பதும் ஒரு தவம். தேர்ந்தெடுக்க வேண்டியது அவளுடைய உடம்பும் கையும்.

ஆகவே உட்காரச் சொல்லி மடியில் வைத்துப் பார்க்க வேண்டும், தோள்வாரோடு நிற்கவும் வைத்துப் பார்க்க வேண்டும். எடை பெரும்பாலும் மூன்றிலிருந்து நான்கு கிலோ வரை இருக்கும். ஒரு கிலோ வித்தியாசம் வளரும் தோளுக்கு அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். கம்பியின் அதிரும் நீளம் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் 25.5 அங்குலம், கிப்சன் வகையில் ஏறக்குறைய 24.75, சில குட்டை வகைகளில் 24. சிறுவர்களுக்கென்றே இன்னும் குட்டையானவையும் உண்டு. நீளம் குறையக் குறைய விரல்கள் விரிய வேண்டிய தூரமும் கம்பியின் விறைப்பும் குறையும். கம்பிகளில் ‘ஒன்பது’ என்று சொல்லப்படும் மெல்லிய செட் புதிதாகப் பழகும் விரல்களுக்கு இதம். அந்த மெல்லிய ஆறு கம்பிகளும் சேர்ந்தே ஏறக்குறைய 38 கிலோ இழுவிசையைக் கிட்டாரின் கழுத்தின்மேல் ஏற்றி வைத்திருக்கின்றன. சும்மா சுவரில் சாய்ந்திருக்கும் வாத்தியமும் அவ்வளவு பாரத்தை அமைதியாகத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

கம்பிக்கும் கழுத்தில் பதித்த ஃப்ரெட் கட்டைக்கும் இடையே உள்ள உயரத்தை ‘ஆக்‌ஷன்’ என்பார்கள். அது அதிகமாக இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கிட்டாரும் பிஞ்சு விரலுக்குத் தண்டனையாகிவிடும். கடைக்காரரிடம் சொல்லி அதைச் சரிசெய்து வாங்குவது, பளபளப்பான நிறத்தைத் தேடுவதைவிட முக்கியம். நாலைந்தை எடுத்து வைத்துவிட்டு ஒன்றை மடியில் வைத்ததும் என் மகள், “அப்பா, இதப் புடிச்சுக்கறப்ப இது இருக்கறதே தெரியலப்பா” என்றாள். அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.

ஆம்ப்ளிஃபயர் விஷயத்தில் மனம் பெரியதைத்தான் நாடும். வீட்டில் பழக 10 வாட் போதும். வாட் பத்து மடங்கு ஏறினால்தான் காதுக்கு ஓசை இரண்டு மடங்காகத் தோன்றும். ஆகவே எண்களைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. ஹெட்ஃபோன் செருகும் வசதி அவசியம் இருக்கட்டும், ஆனால் அதற்கும் ஓர் அளவு வேண்டும். குழந்தைகளுக்கு 75 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரமே எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு விதிகள் வரம்பு வைத்திருக்கின்றன. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. இந்த எண்களை நான் கட்டுப்பாடாக நினைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியின் தூக்கத்துக்கும் என் மகளின் காதுக்கும் செய்கிற மரியாதை இது. பிறர் அமைதியை மதிக்கத் தெரியாத கை, நாளைக்குத் தன் சங்கீதத்தில் மௌனத்தை எங்கே வைப்பது என்று அறியாமல் போகும்.

கருவியை மின்சாரத்தோடு சேர்த்ததும் சில நேரம் ஓர் உறுமல் கேட்கும். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பைப் பிக்கப் உள்ளே வாங்கிக்கொள்வதால் வருவது. இதைப் போக்க 1955-இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் இரட்டைச் சுருள் பிக்கப் ஒன்றை வடிவமைத்தார். ஹம்பக்கர் என்று பெயர். ஒரு சுருளின் காந்தமும் சுற்றும் மற்றதற்கு எதிராக இருக்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே நேரத்தில் நுழைந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. கம்பியின் நாதமோ இரண்டிலும் ஒத்து நின்று கூடுகிறது. ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு ஒரே கம்பியை நோக்கி நின்றால் இரைச்சல் கரையும், பாட்டு வலுக்கும். நாங்கள் கணவனும் மனைவியுமாக இதை நினைத்துக்கொள்கிறோம். எங்கள் இருவருக்கும் சுபாவம் வேறு, ஆனால் கவனம் ஒரே குழந்தைமேல்.

வாங்கி வந்த பிறகு தொடங்குவதுதான் நீண்ட பணி. அதைச் சேக்கிழார் ஒரு காட்சியில் காட்டிவிட்டார். திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைக்கு வருகிறார். ஆலவாய்ச் சந்நிதியில் அமர்ந்து யாழ் வாசித்துப் பாடுகிறார். அப்போது இறைவனின் குரல் எழுகிறது. பாட்டைப் புகழ்ந்தோ திருத்தியோ அது பேசவில்லை. தரையின் ஈரம் தாக்கினால் யாழின் தந்திக்கட்டுத் தளர்ந்துபோகும், இவருக்குப் பலகை இடுங்கள் என்கிறது. அடியார்கள் அழகிய பலகை இட்டார்கள். பிரபஞ்சத்தையே நாதமாகக் கொண்டவன் தன் முன்னே பாடும் ஒருவனுக்காகக் கவலைப்பட்டது தரையின் ஈரத்தைப் பற்றி! அருள் என்பது எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறது என்று எண்ணும்போதெல்லாம் நெஞ்சு நெகிழ்கிறது. பெற்றோர் செய்ய வேண்டியதும் இதுவே என்று தோன்றுகிறது. பாட்டு அவளுடையது. ஈரம் ஏறாமல் பலகை இடுவது நம்முடையது.

புனேயின் மழைக்காலத்தில் இது நேர்ப்பொருளிலேயே உண்மை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை சுவரெல்லாம் ஈரம் கசியும். எஃகுக் கம்பி துரு ஏறும், மரம் காற்றின் ஈரத்துக்கேற்ப அசையும். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் கம்பிகளைத் துடைப்பது, வெளிச்சுவரில் சாய்க்காமல் இருப்பது, உறைக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போடுவது எல்லாம் பலகை இடும் வேலைதான். பள்ளி விட்டு வந்ததும் அரைமணி நேரத்தை அவளுக்கென்று ஒதுக்குவதும், அந்த நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்துவதும், விருந்தாளி வந்ததும் “ஒண்ணு வாசிச்சுக் காட்டு” என்று அவளை நிறுத்தி வைக்காததும் அதே வேலையின் வேறு வடிவங்கள்.

அதே யாழ்ப்பாணரின் வாழ்வில் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. தருமபுரத்தில் சம்பந்தர் யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடுகிறார். எவ்வளவு முயன்றும் பாணரால் அதைத் தந்தியில் கொண்டுவர முடியவில்லை. மனம் நொந்து யாழையே உடைக்க ஓங்குகிறார். சம்பந்தர் அதைத் தடுத்து, கருவியில் அடங்கிய மட்டும் வாசித்தால் போதும் என்று தேற்றுகிறார். முதல் கிட்டார் எதுவும் முழுமையானதாக இருக்காது. விரல் நுனி காய்த்துப்போகும்வரை வலிக்கும். ஸ்வரம் பிசகும். மனத்தில் கேட்கும் பாட்டு கையில் வராது. அந்த நேரத்தில் சம்பந்தர் சொன்னதை நாம் சொல்ல வேண்டும்: வந்த மட்டும் வாசி, கண்ணு.

அவள் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கும்போது எனக்கு முக்தாபாய் நினைவுக்கு வருவாள். ஞானேசுவரரின் தங்கை, உடன்பிறந்தவர்களில் கடைக்குட்டி. உலகத்தின் மேல் மனம் வெறுத்து அண்ணன் குடிலின் தட்டியைச் சாத்திக்கொண்டபோது, வெளியே நின்று பாடி அவரைத் திறக்கவைத்தவள் அவள்தான் என்று இந்த மண் சொல்கிறது. ஞானியாகிய அண்ணன் ஒரு சிறுமியின் பாட்டுக்குக் காது கொடுத்தார். மகாராஷ்டிரம் அந்தப் பாடல்களை இன்றும் பாடுகிறது. நம் வீட்டுப் பெண் குழந்தை எழுப்பும் தடுமாறிய முதல் ஒலியிலும் நம்மைத் திறக்கும் வலிமை இருக்கலாம். நாம்தான் உள்ளே தாழிட்டுக்கொண்டிருக்கிறோம், மதிப்பெண்ணாலும் ஒப்பீட்டாலும் நம் நிறைவேறாத ஆசைகளாலும்.

வாத்தியம் வாங்குவது ஒரு நாளில் முடிந்துவிடும். அதைக் கேட்டுக்கொண்டிருப்பது வருஷக்கணக்காகச் செய்ய வேண்டிய வழிபாடு. அவள் பெரிய கலைஞராக வரலாம், வராமலும் போகலாம். அதை ஆண்டவன் பார்த்துக்கொள்வான். தன் விரலிலிருந்து பிறந்த ஒலியைத் தன் வீட்டார் பொறுமையோடு கேட்டார்கள் என்ற நம்பிக்கை அவளுக்குள் தங்கிவிட்டால் போதும். நாளை பிறர் சொல்வதை அவளும் அதே பொறுமையோடு கேட்பாள்.