துத்தநாகம் தேய்ந்த கதை

1821-ஆம் ஆண்டு லண்டன் பார்பிக்கன் பகுதியில், சந்துக்குள் இருந்த ஒரு சிறிய ஜெபக்கூடத்தில், முப்பது வயது நிறையாத ஒரு கொல்லர் மகன் எழுந்து நின்று தன் விசுவாசத்தை அறிக்கையிட்டார். சாண்டிமேனியன் என்ற அந்தச் சபை மிகச் சிறியது. வேதாகமத்தின் வார்த்தையே அதற்குச் சட்டம். பணம் சேர்த்து வைப்பது பாவம். அந்தக் கொல்லர் மகன், விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே, கடைசிவரை அந்தச் சபையை விட்டு விலகவில்லை. இரண்டு முறை அதன் மூப்பராகவும் இருந்தார்.

கடவுள் ஒருவரே என்று நம்புகிற மனிதர், இயற்கையின் சக்திகளுக்கும் வேர் ஒன்றுதான் என்று எதிர்பார்க்கலாமா? அந்த எதிர்பார்ப்பு ஆய்வுக்கூடத்தில் துணையா, தொல்லையா?

விடை தேட, அவர் ஆராய்ந்த மின்சாரத்தின் கதைக்குப் போக வேண்டும். இத்தாலிய இயற்பியலாளர் வோல்டா 1800-இல் உலோகத் தகடுகளையும் உப்புநீரில் நனைத்த அட்டைகளையும் அடுக்கி மின்சாரம் எடுத்தார். அதே ஆண்டில் அந்த மின்சாரம் தண்ணீரைப் பிரித்துக் காட்டியது. ஃபாரடேயின் குரு ஹம்ஃப்ரி டேவி 1807-இல் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் அப்படியே பிரித்தெடுத்தார். மின்சாரத்துக்கும் வேதிவினைக்கும் உறவு உண்டு என்பது தெரிந்துவிட்டது. எவ்வளவு உறவு என்பதுதான் தெரியவில்லை. ஃபாரடே தராசை எடுத்தார். ஒரே அளவு மின்சாரம் 1 கிராம் ஹைட்ரஜனைப் பிரித்தால், ஆக்சிஜனில் 8 கிராம், வெள்ளியில் ஏறத்தாழ 108 கிராம். அந்த மின்சாரத்தின் அளவு 96,485 கூலும். இன்றும் அதற்கு அவர் பெயர்தான்.

சண்டை வேறு இடத்தில் மூண்டது. மின்கலத்துக்குள் மின்சாரம் எங்கிருந்து பிறக்கிறது? இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டாலே போதும் என்றது வோல்டாவின் கட்சி. அப்படியானால் எதுவும் செலவாகாமல் சக்தி ஓயாமல் ஊறிக்கொண்டே இருக்க வேண்டுமே, இயற்கையில் வேறெங்கும் அப்படி நடப்பதில்லையே என்று 1840-இல் மடக்கினார் ஃபாரடே. இந்த வாதத்தில் ஜெபக்கூடத்தின் வாசனை லேசாக அடிக்கத்தான் செய்கிறது: ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்குவது படைத்தவருக்கு மட்டுமே உரிய வேலை. ஆனால் அவர் கடவுளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை. தேய்ந்த துத்தநாகத்தை ஏற்றினார். மின்சாரம் ஓடிய அளவுக்குத் துத்தநாகம் கரைந்திருந்தது. (வோல்டா முழுக்கத் தவறிவிடவில்லை. தொடும் உலோகங்களுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு உண்மையிலேயே உண்டு. தொடர்ந்து ஓடும் மின்னோட்டத்துக்குத்தான் அது போதாது.)

மத நம்பிக்கை வேறு, மற்ற நம்பிக்கைகள் வேறு. இரண்டையும் கலக்க மாட்டேன் என்று 1854-இல் ஒரு சொற்பொழிவில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அதை அப்படியே ஒப்புக்கொள்வது கடினம். பதிலை வேண்டுமானால் தராசு சொல்லியிருக்கலாம். கேள்வி எங்கிருந்து வந்தது?

சக்திகளுக்கு வேர் ஒன்றுதானா என்ற அதே கேள்வி அவரைப் புவியீர்ப்பிடமும் இழுத்துச் சென்றது. மின்சாரம், வேதிவினை, காந்தம், ஒளி எல்லாம் உறவென்றால் ஈர்ப்பு மட்டும் ஏன் தனியாக நிற்க வேண்டும்? 1849-இல் கம்பிச்சுருள் வழியே பொருள்களை விழவிட்டு மின்சாரம் பிறக்கிறதா என்று பார்த்தார். பிறக்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, அறுபத்தேழு வயதில், தேம்ஸ் கரையில் ஈயக்குண்டு வார்க்கும் உயரமான கோபுரத்திலிருந்து ஈயக்கட்டிகளை இறக்கிப் பார்த்தார். அப்போதும் பலன் இல்லை. உறவு இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை. ஆனாலும் எழுதி அனுப்பிய கட்டுரையை, வெளியிட வேண்டாம் என்று இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் ஆலோசனை சொன்னதும் திரும்பப் பெற்றுக்கொண்டார்.